மலை மேல் கேட்ட குரல்

மலர்,

நீ குழந்தையைத் தூக்கிக்கொண்டு கோபத்தோடு காரில் ஏறிப் போனதிலிருந்து உனக்கு என்ன பதில் சொல்வது என்றே யோசித்துக்கொண்டிருக்கிறேன். சில தடவை உன் நம்பரைப் போட்டுவிட்டு, மணி அடிப்பதற்குள் நிறுத்திவிட்டேன். சொல்ல வேண்டியது நீளமானது. போனில் சொல்லக்கூடியதும் இல்லை. அதனால் எழுதுகிறேன். குழந்தை தூங்கும்போது எடுத்து வைத்து நிதானமாகப் படி.

தொட்டில் பக்கத்தில் நீ வைத்திருந்த வெள்ளைப் பெட்டியின் ஒயரைப் பிடுங்கியது நான்தான். குழந்தை அழுதால் சமையலறையில் இருக்கிற இன்னொரு பெட்டியில் கேட்கும் என்று வந்த அன்றே எனக்கு விளக்கினாய். நல்ல ஏற்பாடு என்றுதான் நானும் நினைத்தேன். நீ கோபித்துக்கொண்டு போன அன்றைக்குத் தண்ணீர் குடிக்க சமையலறைக்குப் போனேன். பெட்டிக்குள்ளிருந்து உன் குரல் வந்தது. குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே செல்போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாய். கதவைச் சாத்திக்கொண்டு, மெதுவாகத்தான் பேசினாய். அந்த மெதுவான பேச்சு அப்படியே என் தலைக்கு மேல் அலமாரியில் கேட்டது. டம்ளரைக் கீழே வைத்தேன். உள்ளே வந்து ஒன்றும் சொல்லாமல் ஒயரைப் பிடுங்கினேன். அப்பாவுக்குப் புதுசாக எது வந்தாலும் ஆகாது என்று உன் புருஷன் எதிரிலேயே நீ சொன்னாய். நானும் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் இந்தக் கதை முழுவதையும் அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். மாப்பிள்ளை எதிரில் அதைச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை.

புதுசு எனக்கு ஆகாது என்பது உண்மையில்லை. ஒரு காலத்தில் நம் ஊரில் புதுசு எது வந்தாலும் முதலில் நம் வீட்டுக்குத்தான் வரும். நீ சேலத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு கார்ட்லெஸ் போன் வாங்கினேனே, நினைவிருக்கும். செல்போன் டவர் நம் பக்கம் வராத காலம். மொட்டை மாடியில் இரும்புக் குழாய் நட்டு, உச்சியில் ஏரியல் கட்டி, வீட்டுப் போனோடு அதை இணைத்துக் கொடுத்தார் கள்ளக்குறிச்சிக் கடைக்காரர். கையில் பிடிக்கிற போனை எடுத்துக்கொண்டு நம் கரும்புக் கொல்லைக்குப் போனால் மோட்டார் கொட்டாயில் நின்றுகொண்டே பேசலாம். இதற்கெல்லாம் லைசென்ஸ் வேண்டாமா என்று கேட்டதற்கு, யாரும் வந்து பார்க்க மாட்டார்கள் என்று சிரித்தார். அந்தப் பேச்சு கம்பியில் போகவில்லை, காற்றில் போகிறது, காற்றில் போவதை யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கரும்பு நடுவில் நின்று ஆலைக்காரர்களோடு பேசுகிற பெருமையே எனக்குப் போதுமானதாக இருந்தது.

சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்ததும் அந்தப் போனை உன் அம்மா எடுத்துக்கொள்வாள். மாட்டுக் கொட்டாயைத் தாண்டி, வைக்கோல் போருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு எலவனாசூர்கோட்டையில் இருக்கும் உன் பெரியம்மாவோடு பேசுவாள். ஒயர் போன் கூடத்தில் என் கட்டிலுக்குப் பக்கத்திலேயேதான் இருந்தது. அதில் பேசாமல் ஏன் அவ்வளவு தூரம் போகிறாள் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. காற்றாட நின்று பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஏன் போனாள் என்பதற்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். அது நடந்தபோது நீ மிகச் சின்னப் பெண். கரும்பு வெட்டு நேரம், முப்பது ஆளுக்குச் சமையல். உன் அம்மா காய்ச்சலோடு அடுப்படியில் உட்கார்ந்துவிட்டாள். வெட்டு ஆட்களெல்லாம் இலை போட்டுக் காத்திருக்க, உலகத்தில் உனக்கு மட்டும்தான் உடம்பு இருக்கிறதா என்று நான் கேட்டேன். அவள் எழுந்து பரிமாறினாள். அதற்குப் பிறகு தன் உடம்பைப் பற்றி என்னிடம் பேசியதே இல்லை. நீயும் அப்படித்தான் வளர்ந்தாய். சைக்கிளை உடைத்ததையும், கணக்கில் பெயில் ஆனதையும் அம்மாவிடம்தான் சொல்வாய். அவள் அதைச் சலித்து, கல் எடுத்து, எனக்கு வேண்டியதை மட்டும் கொண்டுவந்து வைப்பாள். வீடு அமைதியாக இருக்கிறது என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

நம் கொல்லைக்கு மேற்கே கொல்லை வைத்திருக்கிற ஞானப்பிரகாசம் வாத்தியாரை உனக்குத் தெரியும். அப்போது அவருக்கு வெள்ளிமலையில் வேலை. திங்கட்கிழமை மலை பஸ்ஸில் ஏறிப் போனால் சனிக்கிழமை இறங்கி வருவார். மேலே வாத்தியார்கள் தங்குகிற வீட்டில் அவருடைய ரேடியோ ஒன்று இருந்தது. வெளிநாட்டிலிருந்து அவர் மச்சான் கொண்டுவந்தது, பல பேண்டு வைத்தது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நான் மோட்டார் கொட்டாயில் இருந்தபோது அவர் வரப்பில் நடந்து வந்தார். வெகுநேரம் மழையைப் பற்றியும் மரவள்ளி விலையைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

“அண்ணே, உங்க வூட்டு போன்ல பேசறது மலை மேல ரேடியோவுல கேக்குது.”

நான் சிரித்தேன். நம் போன் அவ்வளவு பலமா என்றுதான் முதலில் தோன்றியது. அவர் சிரிக்கவில்லை. கீழே சமவெளியில் இந்த மாதிரி போன் வைத்திருக்கிற வீடுகளின் பேச்செல்லாம் அங்கே கேட்கிறது, சில பேர் பொழுதுபோக்காகவே முள்ளைத் திருப்பித் திருப்பிக் கேட்கிறார்கள், முக்கியமானதைக் கூடத்தில் இருக்கிற போனில் பேசச் சொல்லுங்கள் என்றார். அதோடு போயிருக்கலாம். போகவில்லை. கொஞ்ச தூரம் நடந்துவிட்டுத் திரும்பி வந்தார்.

“அண்ணிய நல்ல டாக்டர் யார்கிட்டயாவது கூட்டிக்கினு போங்கண்ணே. லேட் பண்ணாதீங்க.”

என்ன காதில் விழுந்தது என்று கேட்டேன். அதைத் தான் சொல்லக் கூடாது, அண்ணியையே கேளுங்கள் என்றார். மறுபடி கேட்டேன். அதையேதான் திரும்பச் சொன்னார்.

மலர், அவர் சொன்னதில் டாக்டர் என்ற வார்த்தை என் காதில் ஏறவே இல்லை. என் பெண்டாட்டி பேசியது இவருக்குத் தெரிகிறது, எனக்குத் தெரியவில்லை, அதை எனக்குச் சொல்லவும் மாட்டேன் என்கிறார். அது ஒன்றுதான் உள்ளே நின்றது. வீட்டுக்குப் போய் உன் அம்மாவிடம் என்ன பேசினாய் என்று கேட்டேன். எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. அவள் பயந்து, ஒன்றுமில்லை, அக்காவோடு சும்மா பேசியதுதான் என்றாள். அந்தப் பயத்தை நான் வேறு விதமாக எடுத்துக்கொண்டேன். மறைக்கிற அளவுக்கு என்ன இருக்கிறது என்று கேவலமான எண்ணமெல்லாம் வந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை. ஆனால் நினைத்தேன். அத்தனை வருஷம் என்னோடு வாழ்ந்த பெண்ணை அப்படி நினைத்த ஆள் உன் அப்பா என்பதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் பால் சொசைட்டிக்குப் போனேன். வாத்தியாரும் கேனோடு நின்றுகொண்டிருந்தார். பால் ஊற்ற வந்தவர்கள் ஊரில் பாதிப் பேர் இருப்பார்கள். அவர்கள் எல்லாரும் கேட்கும்படி, பொம்பளைகள் பேசுவதை ரேடியோ வைத்து ஒட்டுக் கேட்கிற ஆளெல்லாம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறான் என்று சொன்னேன். இன்னும் சில வார்த்தைகளும் சொன்னேன். அவற்றை உனக்கு எழுத மாட்டேன்.

அவர் ஒரே வாக்கியத்தில் என் வாயை அடைத்திருக்கலாம். உன் பெண்டாட்டிக்கு என்ன என்று உனக்குத் தெரியுமா என்று கேட்டிருந்தால் போதும். கேட்டால் அது அத்தனை பேருக்கும் நடுவில் உன் அம்மாவின் உடம்பைப் பற்றிய பேச்சாகிவிடும் என்று அவர் கேட்கவில்லை. கேனைக் கீழே வைத்தார்.

“கேட்டது தப்புதாண்ணே,” என்றார்.

அவ்வளவுதான். பாலைக்கூட ஊற்றாமல் திரும்பிப் போனார். நான் ஜெயித்த மாதிரி வீட்டுக்கு வந்தேன். மாடிக்கு ஏறி ஏரியலைக் கழற்றி, குழாயைச் சாய்த்து, கையில் பிடிக்கிற போனைப் பரணில் தூக்கிப் போட்டேன். இனிமேல் நம் வீட்டுப் பேச்சு வெளியே போகாது என்று உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்தாள். கரைத்துக்கொண்டே இருந்தாள்.

அதற்குப் பிறகு எலவனாசூர்கோட்டைக்குப் பேச அவளுக்கு இருந்தது கூடத்துப் போன் மட்டும்தான். என் கட்டிலுக்குப் பக்கத்துப் போன். ஒருநாள் அதில் நல்லா இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அதில் சந்தேகப்பட்டு, கொஞ்ச நாளில் உன் பெரியம்மா சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். வந்தவர் தண்ணீர்கூடக் குடிக்காமல் நேராக உள்ளே போனார். நான் வாசலில் இருந்தேன். உள்ளே இருவரும் அழுகிற சத்தம் கேட்டது. வெளியே வந்து என் எதிரில் நின்றுதான் சொன்னார். உன் அம்மாவுக்குப் பல மாதமாக உதிரப்போக்கு நிற்கவில்லை. மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்கிக்கொண்டு, பழைய புடவைகளைக் கிழித்துக் கட்டிக்கொண்டு, மாட்டையும் என்னையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். வெட்டு முடியட்டும், மலர் பரீட்சை முடியட்டும் என்று தள்ளியிருக்கிறாள். என்னிடம் சொல்லும்படி அக்கா சொன்னதற்கு முடியாது என்றிருக்கிறாள்.

“மலை மேல கீறவருக்குக் கேட்டுச்சு. ஒரே வூட்ல கீற உங்களுக்குக் கேக்கல,” என்றார் உன் பெரியம்மா.

எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டேன். அன்றைக்கே காரை வரவழைத்துக் கள்ளக்குறிச்சிக்கும், அங்கே சொன்னபடி சேலத்துக்கும் போனோம். வழியெல்லாம் உன் அம்மா அக்காவின் மடியில் படுத்து வந்தாள். நான் முன் சீட்டில் உட்கார்ந்து சாலையையே பார்த்துக்கொண்டு வந்தேன். ரத்தம் ஏற்றி, ஆபரேஷன் செய்து கர்ப்பப்பையை எடுத்தார்கள். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் ஆளே கிடைத்திருக்க மாட்டாள் என்று டாக்டரம்மா என்னை ஒரு மாதிரி பார்த்துச் சொன்னார். நீ ஹாஸ்டலிலிருந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். வயிற்றில் கட்டி என்று உன்னிடம் சொன்னோம். நீ அதற்கு மேல் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து, எழுந்து நடமாட ஆரம்பித்ததும் உன் அம்மா முதலில் போன இடம் வாத்தியார் வீடு. பகலில், தெருவோடு நடந்து, எல்லாரும் பார்க்கும்படி போனாள். அவருடைய மனைவியோடு கூடத்தில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டு வந்தாள். நான் போகவில்லை. ஆனால் அந்த ஒரு நடைக்குப் பிறகு அவள் வெளியே போவதே குறைந்துவிட்டது. தான் வைக்கோல் போருக்குப் பின்னால் நின்று அழுததை எந்தெந்த ஊரில் யார் யார் ரேடியோவில் கேட்டார்களோ என்ற கூச்சம் அவளைத் தின்றது. கோயிலில் இரண்டு பேர் தங்களுக்குள் பேசிக்கொண்டால்கூடத் திரும்பி வந்துவிடுவாள். இதைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். கேட்டவன் கெட்டவனாக இருந்தால்தான் கெடுதல் என்றில்லை. நல்லவர் ஒருவர் கேட்டதால் அவள் உயிர் பிழைத்தாள். ஆனாலும் கேட்கப்பட்டோம் என்பதே அவள் வாயைக் கட்டிவிட்டது. என் காதுக்குத் தப்பித்துப் பின்பக்கம் போனவள், ஊர்க் காதுக்கெல்லாம் நடுவில் போய் நின்றிருக்கிறாள். ஏரியலைப் பிடுங்கிய நான், கூடத்துப் போனை உள் அறைக்கு மாற்றிக் கொடுத்திருக்கலாம். நீளமாக ஒரு ஒயர் இழுத்தால் முடிந்தது. அது என் புத்தியில் வரவே இல்லை. செல்போன் வந்த பிறகுதான் அவளும் அக்காவும் மறுபடி மனம்விட்டுப் பேசினார்கள். நடுவில் போன வருஷங்கள் போனதுதான்.

வாத்தியாரிடம் நான் பேசாமல் இருந்ததும் வருஷக்கணக்கு. கடைசியில் ஒருநாள் வெள்ளிமலைக்கு பஸ் ஏறினேன். அவர் வகுப்பை முடித்துவிட்டு வெளியே வந்தார். டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். ரேடியோவைப் பற்றி அவரே சொன்னார். தற்செயலாக முள்ளைத் திருப்பியபோதுதான் உன் அம்மாவின் குரல் கேட்டிருக்கிறது. உடனே அணைத்திருக்கிறார். ஆனால் கூட இருந்தவர்கள் திரும்பப் போட்டிருக்கிறார்கள். அதனால் தினமும் சாயங்காலம் அவள் பேசுகிற நேரத்துக்கு ரேடியோவைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, செய்தியைச் சத்தமாக வைத்துவிட்டு, யாரையும் முள்ளைத் தொடவிடாமல் உட்கார்ந்திருப்பாராம். அப்படி ரேடியோவை எடுக்கப் போகும்போது ஒருநாள் காதில் விழுந்ததுதான் அவரைக் கீழே வரவைத்திருக்கிறது. டீயைக் கீழே வைத்தேன். மன்னித்துவிடுங்கள் சார் என்றேன்.

“திட்டறது நாலு பேருக்கு முன்னாடி, மன்னிப்பு தனியா வந்து. எல்லாரும் அப்படித்தாண்ணே,” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். டீக்குக் காசும் அவர்தான் கொடுத்தார்.

பஸ்ஸில் இறங்கி வரும்போது, பால் சொசைட்டியில் நின்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். சொல்லவில்லை. சொன்னால் எதற்காக அவர் கேட்டார் என்று சொல்ல வேண்டும், அது உன் அம்மாவின் அந்தரங்கம் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். காரணம் உண்மைதான். ஆனால் அதற்குப் பின்னால் நான் வசதியாக ஒளிந்துகொண்டேன் என்பதும் உண்மை. அவருக்கு ரேடியோ வாத்தியார் என்ற பேர் நிலைத்துவிட்டது. அவர் பெண்ணுக்குச் சம்பந்தம் பேச வந்தவர்கள்கூட அந்தப் பேர் எப்படி வந்தது என்று விசாரித்தார்கள் என்று கேள்விப்பட்டேன். அந்தக் கல்யாணத்துக்குப் போய் முன் வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

உன் பெட்டிக்கு வருகிறேன். அது வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கைக்குழந்தைக்கு அது உதவிதான். நம் ஊர் எலக்ட்ரீஷியனிடம் விசாரித்தேன். வெளியாளுக்குப் புரியாதபடி பேச்சைக் கலைத்து அனுப்புகிற வகையும் இருக்கிறதாம், அப்படியே திறந்து அனுப்புகிற வகையும் இருக்கிறதாம். உன்னுடையது எது என்று கடையில் கேள். ரகசிய எண் வைக்கிற வகை என்றால், வாங்கியபோது இருந்த எண்ணை மாற்றிவிடு. குழந்தை பக்கத்தில் நீ இருக்கும்போது அதை அணைத்து வை. அந்த அறையில் போன் பேசுவதாக இருந்தால் முதலில் அதைப் பார். அவ்வளவுதான் கருவிக்கு. அதைவிட முக்கியம், உன் வீட்டில் யாராவது எழுந்து பின்பக்கம் போய்ப் பேசினால் பின்னாலேயே போகாதே. ஆனால் அவர்கள் ஏன் உன்னிடம் சொல்லாமல் அங்கே போகிறார்கள் என்று உன்னையே கேட்டுக்கொள். நாளைக்கு உன் மகள் வளர்ந்து அப்படிப் போவாள். எனக்கு அது மிகவும் லேட்டாகத்தான் தோன்றியது.

இதை இப்போதே மூடி அனுப்பப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை பால் சொசைட்டியில் வாத்தியாரையும் வைத்துக்கொண்டு வாத்தியார் பற்றிய பகுதியை வாசிக்கலாம் என்றிருக்கிறேன். அதற்கு முன்னால் உன் அம்மாவிடம் கேட்க வேண்டும் இல்லையா? சற்றுமுன் அவளை உட்காரவைத்து முதலிலிருந்து வாசித்துக் காட்டினேன். கேவலமாக நினைத்தேன் என்று எழுதியிருக்கிற இடத்தை நிறுத்தி நிறுத்தித்தான் படித்தேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

“படிங்க ஊருல. எனக்கு இன்னா இனிமே கூச்சம்? அவரு பேரு சுத்தமாவட்டும்,” என்றாள்.

பிறகு கீரையை ஓரமாகத் தள்ளி வைத்தாள்.

“நான் அக்காகிட்ட சொன்னதுல பாதிதான் இதுல கீது. மீதி உங்களுக்குத் தெரியாது. அக்காவும் இதுவரிக்கும் சொல்லல. இப்ப சொல்றேன், கேக்கறீங்களா?”

நான் பேப்பரைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். வெகுநேரம் பேசினாள். நடுவில் ஒரு வார்த்தை நான் பேசவில்லை. அவள் என்ன சொன்னாள் என்பதை இதில் எழுத மாட்டேன் மலர். அது அவள் எனக்குச் சொன்னது.

அப்பா